ஊரிலேயே அரசுக் கல்லூரியா, கடன் வாங்கி வெளியூரா: காரைக்குடி வட்டாரக் குடும்பங்களுக்கான செலவுக் கணக்கு

பிளஸ் டூ முடிவு வெளிவந்ததும் காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர்ப் பக்கத்துப் பெற்றோர் கேட்கும் கேள்வி ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கிறது. மகளுக்கு ஊரில் அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்கும், கோவையிலோ சென்னையிலோ உள்ள ஒரு தனியார் கல்லூரி, 'சேர்ந்துவிடுங்கள், வங்கிக் கடனுக்கு நாங்களே ஏற்பாடு செய்கிறோம்' என்கிறது, எதில் சேர்ப்பது? கல்லூரியின் பெயரையும் முதலாண்டுக் கட்டணத்தையும் வைத்தே பெரும்பாலும் இந்த முடிவு எடுக்கப்படுகிறது. அந்த இடத்துக்கான செலவை ஏற்பவர் யார் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. அரசு ஏற்கிறதா, அறக்கட்டளை ஏற்கிறதா, குடும்பம் ஏற்கிறதா, இன்னும் சம்பாதிக்கவே தொடங்காத பிள்ளையின் தலையில் அது விழுகிறதா என்பது தெரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

செட்டிநாட்டில் இந்தக் கேள்விக்குத் தனியான ஒரு பின்னணியும் உண்டு. கோட்டையூரில் பிறந்த அழகப்பச் செட்டியார் 1947-இல் காரைக்குடியில் கலைக் கல்லூரியைத் தொடங்கினார். 1952-இல் பொறியியல் கல்லூரி வந்தது. மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்துக்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். அவர் தொடங்கிய கலைக் கல்லூரியும் பொறியியல் கல்லூரியும் இன்று அரசுக் கல்லூரிகள். அவர் பெயரிலான பல்கலைக்கழகம் 1985-இல் மாநிலச் சட்டத்தால் அமைந்தது. நிலத்துக்கும் தொடக்ககாலக் கட்டடங்களுக்குமான செலவு அன்றைய கொடையால் தீர்ந்துவிட்டது. ஆசிரியர் சம்பளத்தை வரிப்பணம் தருகிறது. இங்கே கட்டணம் குறைவாக இருப்பதற்குக் காரணம் இதுதான். குறைந்த கட்டணம் என்றாலே மட்டமான படிப்பு என்று எடுத்துக்கொள்வது தவறு.

## எவற்றை வைத்து ஒப்பிடுவது

முதலாவது, முழுப் படிப்புக்கும் கையிலிருந்து போகும் தொகை. விடுதி, சாப்பாடு, போக்குவரத்து, தேர்வுக் கட்டணம், மடிக்கணினி எல்லாம் இதில் சேரும். இரண்டாவது, உதவித்தொகையாகவும் சலுகையாகவும் திரும்பி வருவது எவ்வளவு, எப்போது வரும் என்பது. மூன்றாவது, பட்டம் வாங்கிய மறுநாள் தோளில் இருக்கும் கடன். நான்காவதைப் பலர் யோசிப்பதே இல்லை: பிள்ளைக்குப் படிப்பு ஒத்துவராமல் முதலாண்டிலேயே நிறுத்த நேர்ந்தால் எவ்வளவு போகும்?

இவற்றுக்கெல்லாம் முன்னே தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பிள்ளை ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை எந்த வகைப் பள்ளியில் படித்தது? மதிப்பெண்ணைக் காட்டிலும் இந்த விடை சில நேரம் அதிகப் பணம் பெறும். அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2021 முதல் உண்டு. அந்த ஒதுக்கீட்டில் சேருவோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. செட்டிநாட்டில் நல்ல பெயருள்ள பழைய பள்ளிகளில் பல, கொடையாளர்கள் தொடங்கி அரசின் நிதியுதவியுடன் நடப்பவை. ஊரில் அவற்றையும் 'கவர்மெண்ட் பள்ளிக்கூடம்' என்றே சொல்லிவிடுவார்கள். உதவி பெறும் பள்ளியில் படித்த பிள்ளைக்கு 7.5 விழுக்காடு ஒதுக்கீடு கிடையாது. மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் தமிழ்ப் புதல்வன் திட்டமும் வேறு மாதிரி: புதுமைப் பெண் 2022-இல் அரசுப் பள்ளி மாணவிகளுக்காகத் தொடங்கி, 2024-25 முதல் உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த மாணவிகளுக்கும் நீட்டிக்கப்பட்டது, மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. ஆகவே பள்ளித் தலைமையாசிரியரிடம் எந்த வகைப் பள்ளி, எந்தப் பயிற்றுமொழி என்பதை எழுத்தில் வாங்கி வைத்துக்கொண்டு மேலே படிக்கலாம்.

| வழி | செலவை ஏற்பவர் | வெளியே தெரியாத செலவு | முதலாண்டில் நின்றால் |
|---|---|---|---|
| அரசுக் கலைக் கல்லூரி | பெரும்பகுதி அரசு | ஆசிரியர் பற்றாக்குறை, தனிப் பயிற்சி | நட்டம் மிகக் குறைவு |
| உதவி பெறும் கல்லூரி | பிரிவைப் பொறுத்து அரசு அல்லது குடும்பம் | சுயநிதிப் பிரிவுக் கட்டணம் | பிரிவைப் பொறுத்தது |
| கலந்தாய்வு வழிப் பொறியியல் | அரசும் குடும்பமும் | விடுதி, பேருந்து, பயிற்சிக் கட்டணம் | நடுத்தரம் |
| கடன் வாங்கி வெளியூர்த் தனியார் கல்லூரி | பிள்ளையின் வருங்காலச் சம்பளம் | படிக்கும் காலத்து வட்டி, நகைக்கடன் | மிக அதிகம் |
| தொலைநிலைக் கல்வி | குடும்பம், தொகை சிறிது | கைநழுவும் உதவித்தொகை | சொற்பம் |

## அரசுக் கலை அறிவியல் கல்லூரி

இளநிலைப் படிப்புக்குக் கற்பிப்புக் கட்டணம் இல்லை. சிறப்புக் கட்டணம், தேர்வுக் கட்டணம் போன்றவை மட்டும் உண்டு. அரசுக் கல்லூரி மாணவர்களுக்கு இலவசப் பயண அட்டை கிடைக்கிறது. பெண்களுக்குச் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் எப்படியும் கட்டணம் இல்லை. பள்ளத்தூரிலிருந்தோ புதுவயலிலிருந்தோ காரைக்குடிக்கு வந்து போகும் மாணவி, தகுதி இருந்தால் மூன்றாண்டுகளில் 36,000 ரூபாயைப் புதுமைப் பெண் திட்டத்திலிருந்து பெறுகிறாள். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது நிற்காது. செலவையும் வரவையும் எதிரெதிரே எழுதினால் சில வீடுகளில் வரவுப் பக்கமே கனமாக இருக்கும்.

தொலைவிலிருந்து வரும் மாணவர்களுக்குப் பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர் நலத்துறைகளின் விடுதிகள் உண்டு. 2025-இல் இவற்றுக்குச் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் மாற்றினார்கள். உணவும் இடமும் இலவசம். பெற்றோரின் ஆண்டு வருமானம் வரம்புக்குள் இருக்க வேண்டும் என்பதால், வருமானச் சான்றிதழை இ-சேவை மையத்தில் முன்கூட்டியே எடுத்து வைப்பது நல்லது. சேர்க்கைக் காலத்தில் வட்டாட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பங்கள் குவிந்துவிடும்.

குறைகளை மறைக்க வேண்டியதில்லை. நிரந்தர ஆசிரியர் பணியிடங்கள் காலியாகி, கௌரவ விரிவுரையாளர்களை நம்பித்தான் பல துறைகள் ஓடுகின்றன. மாணவர் எண்ணிக்கைக்கு ஏற்ற ஆய்வக வசதி எல்லா இடத்திலும் இல்லை. வேலைவாய்ப்பு முகாம் பொறியியல் கல்லூரியில் நடப்பதுபோல நடக்காது. ஆங்கிலப் பேச்சுக்கும் கணினிக்கும் வெளியே பயிற்சி எடுக்க வேண்டி வந்தால், அந்தத் தொகையையும் இந்தக் கணக்கில்தான் எழுத வேண்டும்.

ஆசிரியர் வேலை, அரசுத் தேர்வாணையத் தேர்வு, முதுகலை, ஆராய்ச்சி என்று போக நினைக்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை என்றே சொல்வேன். தேர்வாணையத்துக்கு வேண்டியது பட்டம். அதை எவ்வளவு கொடுத்து வாங்கினோம் என்று யாரும் கேட்பதில்லை. முதுகலைக்கும் கல்வியியல் பட்டத்துக்கும் அழகப்பா பல்கலைக்கழக வளாகம் உள்ளூரிலேயே இருப்பதால், இளநிலையில் மிச்சமாகும் பணத்தை அங்கே செலவிடலாம்.

## அரசு உதவி பெறும் கல்லூரி

தேவகோட்டையில் சேவுகன் அண்ணாமலை கல்லூரி, திருப்பத்தூரில் ஆறுமுகம் பிள்ளை சீதை அம்மாள் கல்லூரி, மேலைச்சிவபுரியில் கணேசர் செந்தமிழ்க் கல்லூரி என இவ்வட்டாரத்தில் இத்தகைய கல்லூரிகள் உண்டு. அறக்கட்டளை நிருவகிக்கிறது; அனுமதிக்கப்பட்ட பணியிடங்களுக்கு அரசு சம்பளம் தருகிறது.

குழப்பம் எங்கே வருகிறதென்றால், ஒரே கட்டடத்துக்குள் இரண்டு விதமான சேர்க்கை நடப்பதில்தான். மாணவர்கள் பேச்சில் இது 'எய்டடா, செல்ஃபா?' என்ற ஒற்றைக் கேள்வி. உதவி பெறும் பிரிவில் அரசு நிர்ணயித்த சிறு கட்டணம்; சுயநிதிப் பிரிவில் ஆசிரியர் சம்பளம் முழுவதும் மாணவர் கட்டணத்திலிருந்தே வர வேண்டும் என்பதால் தொகை பல மடங்கு. அதே பாடம், அதே பல்கலைக்கழகப் பட்டம். விண்ணப்பிக்கும்போது 'ஷிப்ட் ஒன்று, ஷிப்ட் இரண்டு' என்று சொல்வார்கள். பெற்றோர் அதை வகுப்பு நேர வேறுபாடு என்று மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். அரசுக் கல்லூரியின் இரண்டாம் ஷிப்ட் அரசுக் கட்டணத்திலேயே நடக்கிறது. உதவி பெறும் கல்லூரியில் இரண்டாவது ஷிப்ட் என்பது பெரும்பாலும் சுயநிதி. எனவே முதல் ரசீது கைக்கு வந்ததும் அதில் பிரிவு என்ன எழுதியிருக்கிறது, கற்பிப்புக் கட்டணம் என்ற வரியில் எவ்வளவு இருக்கிறது என்று அங்கேயே நின்று படித்துவிட வேண்டும். பிறகு மாற்றிக்கொள்வது கடினம்.

உதவி பெறும் பிரிவில் இடம் கிடைத்தால், பாடம் நடக்கும் ஒழுங்கில் இது அரசுக் கல்லூரிக்கு இணையாகவோ சில துறைகளில் மேலாகவோ அமையும். தமிழ் இலக்கியம் படிக்க விரும்புவோருக்கு மேலைச்சிவபுரியின் மரபை நான் நினைவூட்டாமல் இருக்க முடியாது. சுயநிதிப் பிரிவில்தான் இடம் என்றால், வீட்டுக்கு அருகில் இருப்பதும் விடுதிச் செலவு இல்லாததும் மட்டுமே அதன் பக்கம் நிற்கும் காரணங்கள். அதே பாடம் கொஞ்ச தூரத்து அரசுக் கல்லூரியில் கிடைக்குமானால் அங்கே போவதே மேல்.

## கலந்தாய்வு வழிப் பொறியியல்

காரைக்குடி அழகப்பச் செட்டியார் அரசுப் பொறியியல் கல்லூரியில் இடம் பிடிக்கும் கட்-ஆஃப் பிள்ளையிடம் இருந்தால் மேற்கொண்டு யோசிக்க அதிகமில்லை. விரும்பிய பிரிவு கிடைக்கிறதா என்பது ஒன்றே கேள்வி. அந்த மதிப்பெண் இல்லாதபோது தனியார் பொறியியல் கல்லூரிகள் வருகின்றன. 2017-இல் கட்டண நிர்ணயக் குழு, அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய் என்றும், தர அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுகளுக்கு 55,000 ரூபாய் என்றும் வரம்பு வைத்தது. நிர்வாக ஒதுக்கீட்டுக்கு அதைவிட அதிகம்.

முதல் பட்டதாரிச் சலுகை இங்கேதான் பெருந்தொகையாகிறது. குடும்பத்தில் யாரும் பட்டம் பெற்றிராத மாணவருக்குத் தனியார் கல்லூரியின் அரசு ஒதுக்கீட்டு இடத்தில் ஆண்டுக்கு 25,000 ரூபாய் கழிவு. சாதி, வருமான வரம்பு எதுவும் இல்லை. நிபந்தனை ஒன்றே ஒன்று, ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் வந்திருக்க வேண்டும். கலந்தாய்வில் அதே கல்லூரி கிடைக்கக்கூடிய மதிப்பெண் இருந்தும், 'இடம் போய்விடும்' என்ற பயத்தில் ஏப்ரலிலேயே நிர்வாக ஒதுக்கீட்டில் முன்பணம் கட்டிவிடும் குடும்பம் இந்தச் சலுகையைத் தானே கைகழுவுகிறது. நான்காண்டில் ஒரு லட்சம் அப்படியே போகிறது. கட்டண வேறுபாடு அதற்கு மேல்.

கட்டண வரம்பு கற்பிப்புக் கட்டணத்துக்குத்தான். விடுதி, கல்லூரிப் பேருந்து, 'வேலைவாய்ப்புப் பயிற்சி', சீருடை என்று மற்றவை தனித்தனி ரசீதுகளாக வரும். அவற்றை எழுத்தில் தராத கல்லூரியைப் பட்டியலின் கடைசிக்குத் தள்ளிவிடலாம்.

## கடன் வாங்கி வெளியூர்த் தனியார் கல்லூரி

வட்டிக் கணக்கில் ஊர் உலகத்துக்கே பாடம் சொன்ன வட்டாரம் இது. அப்படிப்பட்ட ஊரிலேயே கல்விக் கடனின் வட்டியைக் கணக்கிடாமல் கையெழுத்துப் போடுவதைப் பார்க்கும்போது வியப்பாக இருக்கிறது. ஆகவே ஒரு மாதிரிக் கணக்கை இங்கே போட்டுப் பார்ப்போம்.

நான்காண்டுப் படிப்புக்கு மொத்தம் 6 லட்சம் ரூபாய், ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் ஒன்றரை லட்சமாக வங்கி தருகிறது என்று வைத்துக்கொள்வோம். வட்டி ஆண்டுக்கு 10 விழுக்காடு. படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம் என்பது வழக்கம். ஆனால் அந்த ஐந்தாண்டுகளுக்கும் தனிவட்டி ஏறிக்கொண்டே இருக்கும். முதல் ஒன்றரை லட்சத்துக்கு ஐந்தாண்டு வட்டி 75,000, அடுத்ததற்கு 60,000, பிறகு 45,000, கடைசியாக 30,000. ஆக, தவணை தொடங்கும் நாளில் கடன் 8,10,000 ரூபாய். பத்தாண்டில் அடைப்பதானால் மாதம் ஏறத்தாழ 10,700 ரூபாய், மொத்தம் 12.8 லட்சத்துக்கு மேல். பதினைந்தாண்டு என்றால் மாதம் 8,700 ரூபாய், மொத்தம் ஏறத்தாழ 15.7 லட்சம்.

படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்டி வந்தால் நிலைமை மாறும். முதலாண்டில் மாதம் 1,250 ரூபாயில் தொடங்கி நான்காம் ஆண்டில் 5,000 ரூபாய் வரை உயரும். ஆனால் தவணை தொடங்கும்போது கடன் 6 லட்சமாகவே நிற்கும், பத்தாண்டுத் தவணை 8,000 ரூபாய்க்குள் அடங்கும். இப்படிக் கட்டுவோருக்கு வட்டியில் ஒரு விழுக்காடு குறைக்கும் வங்கிகளும் உண்டு, கேட்டால்தான் சொல்வார்கள்.

அரசின் உதவி இங்கும் ஓரளவு உண்டு. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிஎம் வித்யாலட்சுமி திட்டத்தில், தேசியத் தரவரிசையில் குறிப்பிட்ட இடத்துக்குள் வரும் கல்வி நிறுவனங்களில் தகுதி அடிப்படையில் சேருவோருக்கு அடமானமும் ஜாமீனும் இன்றிக் கடன் கிடைக்கும். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சத்துக்குள் இருந்து வேறு அரசு உதவி பெறாதவர்களுக்கு, 10 லட்சம் வரையான கடனுக்குத் தவணை விலக்குக் காலத்தில் 3 விழுக்காடு வட்டி மானியம் உண்டு. ஆண்டுதோறும் ஒரு லட்சம் மாணவர் என்ற வரம்பும் உண்டு. வருமானம் 4.5 லட்சத்துக்குள் என்றால் தொழிற்படிப்புகளுக்கு அக்காலத்து வட்டி முழுவதையும் அரசு ஏற்கும் திட்டமும் இருக்கிறது. கல்லூரி முகவர் 'வட்டியே இல்லை' என்று சொல்லும்போது, அந்தக் கல்லூரி பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே பார்த்துவிடுங்கள். விளம்பரப் பலகைக்கும் தரவரிசைப் பட்டியலுக்கும் தொடர்பு இருக்க வேண்டியதில்லை.

இந்தத் திட்டத்துக்குள் வராத வழக்கமான கடனில், 4 லட்சம் வரை அடமானம் கேட்பதில்லை, 7.5 லட்சம் வரை ஜாமீன்தாரர். அதற்கு மேல் சொத்து அடமானம். செட்டிநாட்டுக் குடும்பங்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். முகப்பு, பட்டாலை, வளவு என்று தெருவுக்குத் தெரு நீளும் வீடு இருக்கும். பார்ப்பவருக்கு இவர்களுக்கா கடன் கிடைக்காது என்று தோன்றும். வங்கியின் சட்ட ஆலோசகர் மூலப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் விரித்து வைத்ததும் வீடு பத்துப் புள்ளிக்கு, அதாவது பங்குரிமையுள்ள பத்துக் குடும்பங்களுக்குப் பாத்தியப்பட்டது, பாகப்பிரிவினை ஆகவில்லை என்பது தெரியவரும். ஒரு பங்காளி பினாங்கில், ஒருவர் சென்னையில், ஒருவரின் வாரிசுகள் யாரென்றே தெளிவில்லை. எல்லாரும் கையெழுத்திடாமல் அந்த வீட்டின் ஒரு தூணைக்கூட அடமானம் வைக்க முடியாது. இதைக் கல்லூரியில் முன்பணம் கட்டுவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

கடன் ஒப்புதலாகும் முன் கட்டணக் கெடு வந்துவிடும். அந்த இடைவெளியை அடைக்கத்தான் வீட்டு நகை வங்கிக்குப் போகிறது. கல்விக் கடனுக்கு உள்ள தவணை விலக்குக் காலம் நகைக்கடனுக்கு இல்லை. கல்விக் கடன் வட்டிக்குப் பழைய வருமான வரிமுறையில் எட்டாண்டு வரை கிடைக்கும் கழிவும் இதற்குக் கிடையாது. 'ஒரு மாதத்தில் திருப்பிவிடலாம்' என்று வைத்த நகை, மூன்றாம் செமஸ்டர் வரை மறு அடகாகவே நகர்வது புதிதல்ல. பெற்றோரில் ஒருவர் இணைக் கடனாளியாகச் சேர்வதால், அவருடைய பழைய கடன் பாக்கி ஏதும் வங்கிகள் பார்க்கும் சிபில் என்ற கடன் வரலாற்றுப் பதிவில் இருந்தால் விண்ணப்பம் அங்கேயே நிற்கும்.

பாதியில் நின்றுவிட்டால் இந்த வழியில்தான் அடி பலம். வாங்கிய தொகைக்கும் வட்டிக்கும் பொறுப்பு தொடரும், கையில் பட்டம் இருக்காது. அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்வதைப் பல்கலைக்கழக மானியக் குழு தடைசெய்திருக்கிறது என்பதையாவது அறிந்து வைத்திருக்கலாம்.

எப்போது இந்த வழி சரி? அந்தப் பாடம் இவ்வட்டாரத்தில் இல்லாமல், கல்லூரி தரவரிசைப் பட்டியலில் இருந்து, அதே பிரிவில் சென்ற ஆண்டு முடித்தவர்களில் நடுவில் இருக்கும் மாணவரின் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் மாதத் தவணை அடங்குமானால் துணிந்து வாங்கலாம். கல்லூரி காட்டும் உச்சச் சம்பளம் எந்தக் கணக்குக்கும் உதவாது. மேலே கண்ட 10,700 ரூபாய்த் தவணைக்கு மாதம் 32,000 ரூபாயாவது கைக்கு வர வேண்டும். சென்னையில் வாடகை கொடுத்துக்கொண்டு 20,000 ரூபாயில் தொடங்கும் பிள்ளையால் அதைச் சுமக்க முடியாது. தவணை மறுபடி அப்பாவின் கைக்கே வரும்.

## தொலைநிலைக் கல்வி

அழகப்பா பல்கலைக்கழகமே தொலைநிலைப் படிப்புகளை நடத்துகிறது. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் உண்டு. கடையையோ வயலையோ விட்டு வர முடியாதவருக்கும், வேலையில் இருந்துகொண்டு பதவி உயர்வுக்குப் பட்டம் தேவைப்படுவோருக்கும் இது பொருந்தும். பள்ளி முடித்த கையோடு பெண்ணை இதில் சேர்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தொலைநிலைக் கல்வி மாணவிகளுக்குப் புதுமைப் பெண் உதவித்தொகை இல்லை. கட்டணம் இல்லாத அரசுக் கல்லூரியை விட்டுக் கட்டணம் கட்டும் வழிக்குப் போவதாகிவிடும்.

## இரண்டு பிள்ளைகள் உள்ள வீடு

நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) சங்கங்களும் ஊர் அறக்கட்டளைகளும் தரும் உதவித்தொகைகள் பல உண்டு. வணிக வரவில் ஒரு பகுதியை அறத்துக்கென மகமையாகப் பிரித்து ஒதுக்கிய பழைய வழக்கத்தின் தொடர்ச்சி என்று அவற்றைச் சொல்லலாம். அவற்றுக்கு விண்ணப்பியுங்கள், ஆனால் ஆண்டுதோறும் வரும் என்று எழுத்தில் உறுதி இல்லாத தொகையை நான்காண்டுக் கணக்கின் வரவில் எழுதாதீர்கள்.

வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருந்தால் இருவருக்குமான கணக்கை ஒரே தாளில் போட வேண்டும். முதல் பட்டதாரிச் சலுகை ஒரு குடும்பத்தில் ஒருவருக்கே. அக்காள் பட்டம் பெற்றுவிட்டால், அடுத்து வரும் தம்பி முதல் பட்டதாரி அல்லன். அக்காள் கட்டணமில்லாத கலைக் கல்லூரியில் படிப்பதால் அந்தச் சலுகை அவளுக்குத் தேவைப்படவே இல்லை. ஆனால் நான்காண்டு இளையவன் பொறியியலுக்குப் போகும்போது அது அவனுக்கும் கிடைக்காது. இதற்காக மகளின் படிப்பைத் தள்ளிப்போட நினைப்பது பெரும் பிழை. தம்பிக்கு ஆகப்போகும் அந்தக் கூடுதல் ஒரு லட்சத்தை இன்றே கணக்கில் எழுதி, அக்காள் கல்லூரிக்குப் போகும் மூன்றாண்டுகளில் மாதம் 2,800 ரூபாய் வீதம் அஞ்சலகத் தொடர் வைப்பில் போட்டுவந்தால், அவன் கலந்தாய்வுக்கு நிற்கும்போது அந்தத் தொகைக்காகக் கடன் வாங்க வேண்டியிராது.